மைதானத்தில் வளர்ந்த மொழி

கல்லணையில் மதகுகள் திறந்திருக்கும் நாளில் பாலத்தின்மேல் நின்று பேசுவது கடினம். தண்ணீர் விழும் இரைச்சல் அப்படி. காவிரி அங்கேதான் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து தஞ்சைச் சீமைக்குள் நுழைகிறது. சுற்றிப் பார்க்க வந்த குடும்பங்கள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காதில் ஒருவர் கத்துவார்கள். பாதி விழும், பாதி விழாது. சைகை மொழியில் பேசுகிறவர்களுக்கு அங்கே அந்தச் சிரமம் இல்லை. கீழே படிக்கட்டில் நிற்பவர் மேலே பாலத்தில் நிற்பவரிடம், சோற்று மூட்டையைப் பிரிக்கலாமா என்று கேட்க முடியும். இரு, இன்னும் ரெண்டு பேர் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார்கள் என்று மேலேயிருந்து பதில் வர முடியும். நடுவில் ஆறு எவ்வளவு இரைந்தாலும் ஒரு சொல்கூடச் சிந்தாது.

காது கேளாதோர் கூடிப் போகும் பயணங்களுக்கும் விளையாட்டு நாள்களுக்கும் டெல்டாவில் இடப் பஞ்சமே கிடையாது. தஞ்சாவூருக்குள்ளேயே பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா. திருச்சிப் பக்கம் முக்கொம்பு. 1830களில் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை அங்கே இருக்கிறது. கடல் பார்க்க வேண்டுமென்றால் பூம்புகார், டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை எழுப்பிய தரங்கம்பாடி, நெப்போலியனின் தோல்வியை நினைத்து இரண்டாம் சரபோஜி கட்டிய மனோரா. எல்லாம் ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரம். எங்கே போகிறார்கள் என்பது இந்தக் கதையில் அவ்வளவு முக்கியமில்லை. போன இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம். அதைப் புரிந்துகொள்ள முதலில் வேறொரு உல்லாசப் பயணத்தைப் பார்க்க வேண்டும்: காது கேட்கும் குடும்பத்தோடு, காது கேளாத ஒருவர் போகும் பயணம்.

ஆடிப்பெருக்கு அன்று காவிரிக் கரையில் கூடாத குடும்பம் டெல்டாவில் குறைவு. புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்சாதம், காப்பரிசி. ஆற்றுக்குக் காதோலை கருகமணி, பெண்களுக்கு மஞ்சள் சரடு, பிள்ளைகள் இழுத்துப் போகச் சிறு சப்பரம். காணும் பொங்கலுக்கும் இதே கூட்டம்தான். பெரியப்பா ஏதோ சொல்வார், முப்பது பேர் வெடித்துச் சிரிப்பார்கள். காது கேளாத பிள்ளை ஒவ்வொரு முகமாகப் பார்க்கும். அக்காவின் தோளைத் தொட்டு, என்ன என்று கேட்கும். அக்கா கையை அசைத்து, ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன் என்பாள். அந்த 'அப்புறம்' அநேகமாக வருவதே இல்லை. வந்தாலும் ஒரு வரியில் முடியும்: பெரியப்பா ஜோக் அடிச்சாரு. என்ன ஜோக், யாரைப் பற்றி, பெரியம்மா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், எதுவும் கிடைக்காது.

அந்தக் குடும்பத்தில் அன்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் உருண்டை காப்பரிசி அந்தப் பிள்ளைக்குத்தான் போகும். தண்ணீருக்குப் பக்கத்தில் போய்விடாமல் நாலு பேர் கண் வைத்திருப்பார்கள். ஆனால் சோறு, துணி, கவனிப்பு எல்லாம் கிடைக்கும் இடத்தில் பேச்சு மட்டும் கிடைக்காது. உலகெங்கும் காது கேளாதோர் தங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிச் சொல்லும்போது திரும்பத் திரும்ப வருவது இந்த 'அப்புறம் சொல்றேன்' என்ற பதில்தான். எந்த நாட்டில், எந்த மொழியில் கேட்டாலும் அதே கதை.

காரணம் எளிமையானது. காது கேளாத குழந்தைகளில் 100-க்கு 90-க்கு மேற்பட்டோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. தாய்மொழி தாயிடமிருந்து வரும் என்பது அவர்கள் விஷயத்தில் நடப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் செவித்திறன் குறையுடையோர் சுமார் 2.2 லட்சம் பேர்; இந்தியாவில் சுமார் 50 லட்சம். 1,000 பேர் வாழும் கிராமத்துக்குச் சராசரியாக மூன்று பேர். அந்த மூவரில் ஒருவர் முதுமையில் செவி மங்கிய தாத்தாவாக இருப்பார், இன்னொருவர் நடுவயதுக்காரராக இருப்பார், மூன்றாமவர் எட்டு வயதுச் சிறுமியாக இருப்பாள். அந்தச் சிறுமி தன் வயதில் தன்னைப் போன்ற இன்னொரு குழந்தையைப் பார்க்காமலேயே வளரக்கூடும். ஒரத்தநாட்டுக்கும் பாபநாசத்துக்கும் இடையே எத்தனை வயல், எத்தனை வாய்க்கால்! நெல் விளையும் சமவெளி முழுக்க இப்படி ஒற்றை ஒற்றையாகச் சிதறிக் கிடக்கிறவர்கள் ஓரிடத்தில் சேர்ந்தால்தான் அவர்களுக்கு மொழி உண்டு.

சேரும் முதல் இடம் பள்ளிக்கூடம். தமிழ்நாட்டில் அந்தக் கதை 1895-இல், பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வைன்சன் தொடங்கிய பள்ளியிலிருந்து வருகிறது. டெல்டாவுக்குத் தஞ்சாவூரில் அரசு செவித்திறன் குறையுடையோர் பள்ளி இருக்கிறது. விடுதியோடு கூடிய பள்ளி என்பதால் சுற்றுவட்டக் கிராமங்களின் பிள்ளைகள் அங்கே வந்து சேர முடியும்.

இங்கே ஒரு விசித்திரமான வரலாறு குறுக்கிடுகிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர்கள் மாநாடு, காது கேளாத குழந்தைகளுக்குச் சைகை வேண்டாம், உதட்டைப் பார்த்துப் பேசவே பழக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அந்தத் தீர்மானத்தின் நிழல் உலகம் முழுக்க விழுந்தது. இந்தியப் பள்ளிகளிலும் நெடுங்காலம் வகுப்பறை என்றால் வாய்ப்பேச்சுப் பயிற்சி என்றே இருந்தது. ஆசிரியர் கண்முன்னால் கையசைத்தால் கண்டிப்பு. ஆகவே சைகை மொழி வகுப்பறைக்கு வெளியே வளர்ந்தது. விடுதி வராந்தா, குழாயடி, சாப்பாட்டுக் கூடம், மைதானம். பெரிய பையன்களிடமிருந்து சின்னப் பையன்கள் கற்றார்கள். பந்துக்காக நடந்த சண்டையில் எதிர்மறை வாக்கியம் கற்றார்கள். யார் முதலில் கோட்டைத் தொட்டார் என்று வாதாடிக் கால வரிசை கற்றார்கள். மிலான் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்து அதைக் கைவிடுவதாக அதே மாநாட்டு மரபினர் அறிவிக்க 2010 வரை ஆனது, அது வான்கூவரில். அந்த 130 ஆண்டுகளும் மொழியைக் காப்பாற்றியதில் விளையாட்டு மைதானத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பெயர் தெரியாத கிராமத்துப் பிள்ளைகளுக்குள் வளர்ந்த இந்தப் பேச்சு வெறும் கைச்சாடை அல்ல என்பதை ஆய்வாளர்கள் 1970களின் கடைசியில்தான் எழுதினார்கள். மதன் வாசிஷ்டா என்ற காது கேளாத இந்தியரும், ஜேம்ஸ் உட்வர்டு முதலிய அவரது கூட்டாளிகளும் டெல்லி, பம்பாய், கல்கத்தா, பெங்களூர் என்று நகரம் நகரமாகச் சைகைகளைத் திரட்டி, சொற்கள் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும் இது தனக்கென இலக்கணம் கொண்ட மொழிதான் என்று காட்டினார்கள். 2015-இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் வந்தது. 2021-இல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. அகராதி வருவதற்கு வெகு முன்பே அந்தச் சொற்கள் ஆற்றங்கரைகளிலும் பள்ளித் திடல்களிலும் புழங்கிக்கொண்டிருந்தன.

ஆண்டுக்கு ஒருமுறை கூடிச் சாப்பிடுவதற்கும் விளையாடுவதற்கும் காது கேளாதோர் உலகில் நீண்ட மரபு உண்டு. 1834-இல் பாரிஸில் பெர்டினான் பெர்த்தியே என்ற காது கேளாத ஆசிரியர் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்தார். காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த பாதிரியார் தெ லெப்பேயின் பிறந்தநாள் விருந்து அது. அது ஆண்டுதோறும் தொடர்ந்தது. பிற ஊர்களிலிருந்தும் நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். 90 ஆண்டு கழித்து அதே பாரிஸில் யூஜின் ரூபென்ஸ்-அல்கே என்ற காது கேளாத மெக்கானிக் முன்னின்று, 1924 ஆகஸ்டில் சர்வதேச மௌன விளையாட்டுப் போட்டியை நடத்தினார். 9 நாடுகள், 148 வீரர்கள். பாராலிம்பிக் 1960-இல் வந்தது. அதற்கு 36 ஆண்டு முன்பே காது கேளாதோர் தங்களுக்கென உலகப் போட்டி வைத்துவிட்டார்கள். அதுதான் இன்றைய டெஃப்லிம்பிக்ஸ்.

பாராலிம்பிக்கில் காது கேளாதோர் ஏன் இல்லை என்று பலர் கேட்பதுண்டு. கொஞ்ச காலம் பாராலிம்பிக் குழுவோடு சேர்ந்து இருந்துவிட்டு, 1995-இல் அவர்களாகவே விலகினார்கள். ஓடுவதற்கோ தாண்டுவதற்கோ அவர்களுக்குத் தனி விதி பெரிதாக வேண்டாம். அவர்கள் கேட்பது, அரங்கு முழுக்கத் தங்கள் மொழி புழங்க வேண்டும் என்பது. நடுவர் சைகை தெரிந்தவராக, உணவுக்கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் பேசக்கூடியவராக, அறிவிப்பெல்லாம் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான வீரர்களுக்கு நடுவே மொழிபெயர்ப்பாளரைத் தேடி அலையும் சிறு கும்பலாகிவிட அவர்கள் விரும்பவில்லை. பதக்கமேடையின் பெருமையைவிடக் கூடிப் பேசும் இடத்தை மேலாக மதித்த முடிவு அது. மிகச் சரியான முடிவு.

டெஃப்லிம்பிக்ஸில் கலந்துகொள்ள நல்ல காதிலேயே 55 டெசிபலுக்குக் குறையாத இழப்பு இருக்க வேண்டும். களத்தில் இறங்குமுன் காது மெஷினைக் கழற்றிவிட வேண்டும். ஆகக் களத்துக்குள் எல்லோரும் ஒரே நிலை. 2022 மே மாதம் பிரேசிலின் காசியாஸ் தோ சுல் நகரில் நடந்த போட்டியில் மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா பாட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றார்: ஒற்றையர், அபினவ் சர்மாவோடு கலப்பு இரட்டையர், அணிப் பிரிவு. அதே போட்டியில் சென்னையின் பிருத்வி சேகர் டென்னிஸில் பதக்கம் பெற்றார். ஜெர்லினுக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. பாட்மிண்டனில் காது எவ்வளவு வேலை செய்கிறது என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. மட்டையில் பந்து படும் சத்தத்தை வைத்தே அடி பலமா மெதுவா என்று எதிராளி ஊகித்து முன்னாலோ பின்னாலோ நகர்கிறார். அந்தத் தகவல் இல்லாமல் எதிராளியின் மணிக்கட்டையும் தோளையும் மட்டும் படித்து ஆடுவது தனிப் பயிற்சி. 2025 நவம்பரில் டோக்கியோவில் நூற்றாண்டைத் தாண்டிய டெஃப்லிம்பிக்ஸ் நடந்தபோது இந்தியா 20 பதக்கத்தோடு திரும்பியது.

டோக்கியோவின் சட்டதிட்டங்கள் அத்தனையும் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டரங்கத்தில் சின்ன அளவில் தேவைப்படுகின்றன. சத்யா ஸ்டேடியம் என்றால்தான் ஊரில் தெரியும். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினம், ஐ.நா. 1992-இல் அறிவித்தது. அதையொட்டித் தமிழ்நாட்டின் மாவட்டங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் நடத்தப்படுகின்றன. செவித்திறன் குறையுடையோருக்கான குழு ஆட்டம் கபடி. முதலமைச்சர் கோப்பையிலும் அவர்களுக்குக் கபடி உண்டு.

100 மீட்டர் ஓட்டத்தில் தொடங்குவோம். விசில் ஊதினால் பிரயோசனமில்லை. கொடியைத்தான் இறக்க வேண்டும். கொடிக்காரர் பக்கவாட்டில் நின்றால் ஓடுகிற பிள்ளை கழுத்தைத் திருப்பி வைத்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். கொடி இறங்கியதும் முதலில் தலை திரும்பும், பிறகுதான் கால் கிளம்பும். அதற்குள் அரை அடி போய்விடும். உலகப் போட்டியில் இதற்காகத்தான் ஒவ்வொரு ஓட்டக்காரரின் முன்னாலும் தரையோடு தரையாகச் சின்ன விளக்கு வைக்கிறார்கள். தலையைத் தூக்காமலே நிறம் மாறுவது தெரியும். நம் மைதானத்தில் விளக்கு இல்லாவிட்டாலும், கொடிக்காரர் ஓட்டக்காரர்களுக்கு நேர் எதிரே கொஞ்சம் தள்ளி நின்றால் பாதிச் சிக்கல் தீரும். ஒருவர் முந்திக் கிளம்பிவிட்டால் திரும்ப அழைக்க இன்னொரு ஆள் தடத்தில் 30 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பிள்ளை தனியாகக் கடைசிவரை ஓடி முடித்துவிட்டு, கையை உயர்த்தித் திரும்பிப் பார்க்கும். மற்ற ஏழு பேரும் கோட்டிலேயே நிற்பார்கள். அந்த முகத்தைப் பார்க்க யாருக்கும் மனம் வராது.

கபடியில் 'கபடி கபடி' என்று மூச்சுப் பிடித்துப் பாடிப் போவதுதான் உயிர் என்பார்கள். ஆனால் இன்றைய தொழில்முறைக் கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 நொடி என்று கடிகாரமும் ஓடுகிறது. காது கேளாதோர் ஆட்டத்தில் எதிர்த்துப் பிடிக்கிறவர்களுக்குப் பாட்டு நின்றதா என்று கேட்காது. காலையும் இடுப்பையும் கண்ணையும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். பிடிகாரர்கள் கைகோத்து நிற்கும் சங்கிலியில் ஒருவர் கையை ஒருவர் அழுத்துவதே பேச்சு: இப்போ போ, இப்போ நில். நடுவர் விசில் ஊதிய பிறகும் மண்ணில் புரண்டுகொண்டிருப்பார்கள். விதி மீறவேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. தகவல் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். நடுவர் குனிந்து தோளைத் தொட வேண்டும். சர்வதேசக் கால்பந்தில் காது கேளாதோர் ஆட்டத்துக்கு நடுநடுவரும் கையில் கொடி வைத்திருப்பது இதற்காகத்தான்.

கோகோ அவர்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். முதுகில் தட்டி 'கோ' சொல்ல வேண்டும். சொல் கேட்காவிட்டாலும் தட்டு தெரியும். கயிறு இழுக்கும் போட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டுமே, 'ஏலேலோ' போட ஆள் இருந்து பயனில்லையே என்று தோன்றும். அணித்தலைவர் கயிற்றை விட்டுவிட்டு எதிரே வந்து நின்று இரண்டு கையையும் ஏற்றி இறக்கினால் பத்துப் பேரும் கண் கொட்டாமல் அவரைப் பார்த்து இழுப்பார்கள். இசை நாற்காலிக்குப் பாட்டு வேண்டாம், ஒரு சிவப்புத் துணி போதும். துணி மேலே இருக்கும்வரை சுற்ற வேண்டும். இறங்கினால் உட்கார வேண்டும். துணி வைத்திருக்கிறவர் குறும்புக்காரராக இருந்தால் இறக்குவதுபோல் இறக்கி மறுபடி ஏற்றுவார், பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டக்காரர்கள் தலையோடு தலை சேர்த்து வட்டமாகக் கூடி ரகசியம் பேசுவதைப் பார்த்திருக்கலாம். அந்தப் பழக்கத்தை 1890களில் வாஷிங்டனின் கேலடெட் கல்லூரிக் காது கேளாத மாணவர் பால் ஹப்பர்டு தொடங்கியதாகச் சொல்வார்கள். எதிரணியும் காது கேளாதோர் அணி. திறந்தவெளியில் சைகை செய்தால் அவர்கள் படித்துவிடுவார்களே! அதனால் முதுகைக் காட்டி வட்டம் கட்டினார்கள். இன்று காது கேட்கும் உலகம் முழுக்க அதைச் செய்கிறது.

கைதட்டலுக்குப் பதில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை விரித்து அசைப்பது அவர்கள் வழக்கம். மைதானத்தில் இருநூறு கைகள் ஒரே சமயத்தில் அப்படி அசையும்போது, ஜெயித்த பிள்ளைக்கு மைதானத்தின் எந்த மூலையில் நின்றாலும் அது தெரியும்.

விளையாட்டு முடிந்ததும் சாப்பாடு. இதில் காது கேட்கிற ஏற்பாட்டாளர்கள் யோசிக்காத ஒரு விஷயம் உண்டு. நம் வழக்கம் பந்தி. இலையைப் போட்டு வரிசையாக உட்கார வைத்தால், பக்கத்தில் இருப்பவர் முகமும் கையும் தெரியாது. எதிர் வரிசை தூரத்தில் இருக்கும். சைகைக்காரர்களைத் தங்கள் விருப்பத்துக்கு விட்டால் வட்டமாக உட்காருவார்கள். ஒருவர் புதிதாக வந்தால் வட்டம் தானாகப் பெரிதாகும். வலது கை சோற்றில் இருக்கிறது. பேச்சு இடது கைக்கு மாறுகிறது. இரண்டு கை வேண்டிய சொற்களை ஒரு கையாலேயே பாதி செய்து, மீதியைப் புருவமும் தோளும் முடித்துவைக்கும். சுவையான செய்தி வந்துவிட்டால் உருண்டை அப்படியே இலையில் நின்றுவிடும். ரசம் ஊற்ற வந்தவர் பாத்திரத்தோடு காத்திருப்பார்.

பேச்சு எதைப் பற்றியெல்லாம்? யாருக்குத் திருப்பூரில் வேலை கிடைத்தது, யார் வீட்டில் பெண் பார்க்கிறார்கள், எந்த அலுவலகத்தில் அடையாள அட்டை சீக்கிரம் கிடைக்கிறது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அரசு வேலைகளில் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் 1 சதவீத இடம் இருக்கிறது, விண்ணப்பம் எப்போது என்பது. ரயிலில் பாதிக் கட்டணச் சலுகைக்கு எந்தச் சான்றிதழ் என்பது. காது கேட்கிறவர்களுக்கு இந்தச் செய்திகள் டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் ஓசியாகக் காதில் விழும். காது கேளாத ஒருவருக்கு யாராவது நேரே திரும்பிச் சொன்னால்தான் உண்டு. ஓராண்டு முழுக்கக் காதில் விழாமல் போனதெல்லாம் அந்த வட்டத்தில் ஒரே மத்தியானத்தில் வந்து சேர வேண்டும். அந்த ஒரு நாளை அவர்கள் எத்தனை மாதம் முன்பிருந்தே எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பதில் ஆச்சரியமில்லை.

பெயர் வைப்பதும் இங்கேதான். வீட்டில் வைத்த பெயரை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவதற்குப் பொறுமை இல்லை. கன்னத்துக் குழி, புருவத் தழும்பு, சுருட்டை முடி, எப்போதும் காலரைத் தூக்கிவிடும் பழக்கம் என்று ஏதாவது ஒன்று சைகைப் பெயராகிவிடும். அதைத் தானே வைத்துக்கொள்ள முடியாது, கூட்டம்தான் வைக்கும். பள்ளிக்கூடமே போகாமல் நாற்பது வயதுவரை நாற்று நட்டுக் களை பறித்து வாழ்ந்த ஒருவரை யாராவது இந்தக் கூட்டத்துக்கு அழைத்து வந்தால், முதலில் அவருக்கு ஒரு பெயர் கிடைக்கும். மற்றவை மெதுவாக வரும்.

மும்பையில் காது கேளாதோர் புறநகர் ரயிலின் மாற்றுத்திறனாளிப் பெட்டியையே சங்கமாக்கிக்கொண்டதை அன்னலீஸ் குஸ்டர்ஸ் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். அவரும் காது கேளாதவர். பேச்சு முடியவில்லை என்பதற்காக இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டியும் சேர்ந்தே பயணம் செய்வார்களாம். பெருநகரத்துக்கு அது தினமும் வாய்க்கிறது. டெல்டாவில் அப்படியொரு ரயில் பெட்டி இல்லை.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து 4ஜி மலிவானதும் நிறைய மாறியது. அதற்கு முன் கடிதம், பிறகு எஸ்எம்எஸ். அடுத்த சந்திப்பின் தேதியை இந்தச் சந்திப்பிலேயே முடிவு செய்துகொண்டு பிரிவார்கள். இப்போது வயல் வரப்பில் நின்றே வீடியோ காலில் பேசலாம். பெரிய விடுதலை அது. ஆனால் சிறு திரைக்குள் இரண்டு பேர் பேசலாம், நாலு பேர் பேசலாம். ஐம்பது பேர் ஒருவரையொருவர் குறுக்கிட்டுக்கொண்டு, பக்கத்து வட்டத்தின் பேச்சை ஓரக்கண்ணால் ஒட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஆறு வயதுப் பிள்ளை மொழி பழகுவது அப்படி ஓரக்கண்ணால்தான்.

இன்று இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் இலவசமாகக் கிடைக்கிறது. பல வீடுகளுக்கு அது பெரும் வரம். கூடவே, இனி நம் பிள்ளைக்குச் சைகை வேண்டாம் என்று சில பெற்றோர் முடிவெடுத்துவிடுகிறார்கள். அங்கேதான் நிதானம் வேண்டும். ஆற்றில் குளிக்கப் போகும்போது காதுக்கு வெளியே மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். தண்ணீருக்குள் அந்தப் பிள்ளையும் முழுதாகக் காது கேளாத பிள்ளைதான். டெல்டா ஆறுகளில் சுழலும் மணல் பள்ளமும் இருக்கின்றன. கரையில் நின்று கத்தினாலும் ஒலிபெருக்கியில் எச்சரித்தாலும் அந்தப் பிள்ளைக்குப் போய்ச் சேராது. 'வெளியே வா' என்ற ஒரு சைகை சேரும். இரண்டு மொழியும் கையில் இருப்பதால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போனதில்லை. இம்ப்ளான்ட் வைத்த பிள்ளைகளையும் அவர்களின் அம்மா அப்பாவையும் இந்தப் பயணங்களுக்கு அழைத்து வர வேண்டும். ஆடிப்பெருக்கில் 'அப்புறம் சொல்றேன்' என்ற அக்காவும் வரவேண்டும். ஒரு நாள் முழுக்கத் தனக்குப் புரியாத பேச்சுக்கு நடுவே அவள் உட்கார்ந்து பார்க்கட்டும். யாராவது அவளுக்குப் பொறுமையாக விளக்கிச் சொல்வார்கள். காது கேளாதோர் கூட்டத்தில் அது வழக்கம்.

மாவட்டப் போட்டிகளை நடத்துகிறவர்களின் உழைப்பு சின்னதில்லை. ஆனால் பல உடற்குறைகளுக்கும் சேர்த்து ஒரே நாளில் நடத்தும் விழா, காலையில் ஓட்டம், மதியம் சான்றிதழ், பொட்டலச் சாப்பாடு, உடனே பஸ் என்று முடிந்துவிடக்கூடியது. காது கேளாதோருக்கு அந்தச் சான்றிதழுக்குப் பிறகுதான் நாளே தொடங்குகிறது. மைதானத்தை மாலைவரை திறந்து வைக்கலாம். மேடையில் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்பதோடு, போட்டி நடத்தும் குழுவிலேயே காது கேளாத முன்னாள் மாணவர்கள் இருந்தால் கொடி எங்கே நிற்க வேண்டும், இலையை எப்படிப் போட வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தேதியைப் பற்றியும் யோசிக்கலாம். டிசம்பர் 3 உலகத்துக்குப் பொருந்தும். டெல்டாவுக்கு அது வடகிழக்குப் பருவமழையின் நடுப்பகுதி. சம்பா பயிர் தண்ணீரில் நிற்கும் நேரம். கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் வந்துபோன பிறகு, அந்த டிசம்பர் 3 வரும்போது நாகப்பட்டினத்திலும் பட்டுக்கோட்டையிலும் கூரையிழந்த வீடுகள் ஏராளம். அரசு விழா அந்த நாளில் நடக்கட்டும். சங்கங்களும் பள்ளிகளும் நடத்தும் விளையாட்டு நாளையும் பயணத்தையும் தை மாதக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். அறுவடை முடிந்து வீட்டில் கொஞ்சம் பணம் புழங்கும்; தரை காய்ந்திருக்கும்; மார்ச் பொதுத்தேர்வுக்கு இன்னும் சில வாரம் இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. டிசம்பர் தொடக்கத்தில் தஞ்சாவூரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரி நடுவில் சுமார் அரை மணி நேரம் கூடுதலாக வெளிச்சம் இருக்கிறது. கையால் பேசுகிறவர்களுக்கு அது கடைசி பஸ்ஸுக்கு முன் இன்னும் அரை மணி நேரப் பேச்சு.